பூஜ்ஜியம் இல்லாத மின்சாரம்

சென்னை ரிச்சி தெருவில் ப்ராஜெக்டுக்குச் சாமான் வாங்கும் கல்லூரி மாணவர்களின் பையில் பெரும்பாலும் ஒரு சின்ன நீல நிற ரிலே இருக்கும். அதன் முதுகில் இரண்டு வரி அச்சாகியிருக்கும். 250 வோல்ட் ஏ.சி.யில் 10 ஆம்பியர் என்று ஒரு வரி, 30 வோல்ட் டி.சி.யில் 10 ஆம்பியர் என்று இன்னொரு வரி. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் அவையேதான்; ஆம்பியரும் ஒன்றுதான். மாறுதிசை மின்சாரம் என்றால் 250 வோல்ட் வரை துண்டித்துக்கொள்ளலாம் என்று உறுதி தரும் தயாரிப்பாளர், நேர்திசை மின்சாரம் என்றதும் 30 வோல்ட்டில் நிறுத்திக்கொள்கிறார். எட்டு மடங்குக்கும் மேலான இந்த இடைவெளியைப் பொறியாளர்கள் தாண்டிய கதை இது. 110 வோல்ட்டில் தொடங்கி 5 லட்சம் வோல்ட் வரை வருவதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் பிடித்தன.

சுவிட்சை அணைக்கும்போது இரண்டு உலோக முனைகள் விலகுகின்றன. விலகிய கணத்திலேயே மின்னோட்டம் நின்றுவிடுவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில், கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய புள்ளி வழியாக மொத்த மின்னோட்டமும் நெருக்கியடித்துப் பாய்கிறது. அந்தப் புள்ளி உருகி ஆவியாகிறது. உலோக ஆவியும் சுற்றியுள்ள காற்றும் பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மாவாகின்றன. பிளாஸ்மா மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். உலோகம் விட்ட இடத்தில் பிளாஸ்மா தொடர்கிறது. இதைத்தான் மின்வில் என்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னோட்டம் ஓடும் எந்தச் சுற்றிலும் காந்தப்புலம் இருக்கிறது, அதில் ஆற்றல் தேங்கியிருக்கிறது. பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் முழுக்க அதிர்ந்து இடிப்பதைப் போல, மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தப் பார்த்தால் மின்னழுத்தம் எகிறுகிறது. எகிறிய மின்னழுத்தம் மின்வில்லுக்கே தீனியாகிறது. தேங்கிய ஆற்றல் எங்காவது செலவாகித் தீரும்வரை அது அணையாது.

மாறுதிசை மின்சாரத்தில் இந்த இரண்டு தொல்லைக்கும் இயற்கையே விடுமுறை விடுகிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; அதாவது மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைக் கடக்கிறது. 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை மின்வில்லுக்கு உணவு நின்றுபோகிறது. அந்தக் கணத்தில் சுற்றின் காந்தப்புலத்திலும் ஆற்றல் இல்லை. மின்சுற்றைத் துண்டிக்கும் கருவியான பிரேக்கரின் வேலை, அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, முனைகளுக்கு நடுவே இருக்கும் வாயுவைக் குளிரவைத்து, மீண்டும் மின்னழுத்தம் எழுவதற்குள் இடைவெளியை வலுவாக்கிவிடுவது. எண்ணெய், அழுத்தக் காற்று, எஸ்.எஃப்.6 வாயு, வெற்றிடம் என்று 20ஆம் நூற்றாண்டில் வந்த ஏ.சி. பிரேக்கர்கள் எல்லாமே இந்தப் பூஜ்ஜியத்தை நம்பியவை. ஏ.சி. வென்றதற்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது சரி. ஆனால் லட்சக்கணக்கான வோல்ட்டில், நாடு முழுவதும் பின்னிய ஒரு வலையை அமைக்க முடிந்ததில் இந்தப் பூஜ்ஜியத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. அறுக்க முடியாத மின்சாரத்தை யாரும் வலையாகப் பின்னத் துணியமாட்டார்கள்.

டி.சி.யில் அந்தக் கணம் வரவே வராது. அப்படியானால் இரண்டே வழி. மின்வில்லை நீட்டி, உடைத்து, குளிரவைத்து, அதைத் தக்கவைக்கத் தேவையான மின்னழுத்தத்தை மூலத்தின் மின்னழுத்தத்துக்கும் மேலே உயர்த்தலாம். மின்னோட்டம் தானாகவே தேய்ந்துவிடும். இல்லையென்றால் பூஜ்ஜியத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

முதல் வழிதான் முதலில் வந்தது. 1882இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் டி.சி. தந்தது. அந்த அளவுக்குக் கத்தி சுவிட்சும் ஃபியூஸும் ஓரளவு தாக்குப்பிடித்தன. டிராம்கள் 500, 600 வோல்ட் கேட்டபோது அது போதவில்லை. அப்போது கைகொடுத்தது அமெரிக்கப் பொறியாளர் எலிஹு தாம்சனின் யோசனை. மின்வில்லும் மின்னோட்டம்தான், மின்னோட்டத்தைக் காந்தத்தால் தள்ளலாம். தொடுமுனைகளின் பக்கத்தில் ஒரு காந்தச் சுருளை வைத்து, அறுக்க வேண்டிய மின்னோட்டத்தையே அதன் வழியாகவும் ஓடவிட்டால், மின்வில் பக்கவாட்டில் வீசப்பட்டு நீண்டு அறுந்துபோகும். மின்னோட்டம் எவ்வளவு பெரிதோ தள்ளும் விசையும் அவ்வளவு பெரிது. ஆபத்து கூடும்போது கருவியின் பலமும் தானே கூடுகிறது. இவ்வளவு சிக்கனமான ஏற்பாடுகள் பொறியியலில் குறைவு.

வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோசப் ஸ்லெப்பியன் என்ற கணித அறிஞர் 1920களில் இதில் இன்னொரு படி ஏறினார். மின்வில்லை அடுக்கி வைத்த உலோகத் தகடுகளுக்குள் தள்ளினால் அது பல குட்டி மின்விற்களாகத் துண்டாகிறது. ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 20 முதல் 30 வோல்ட் தவிர்க்க முடியாமல் செலவாகும். முப்பது நாற்பது தகடுகளை அடுக்கினால் 750 வோல்ட்டை எதிர்கொள்ளலாம். அவர் இதை ஏ.சி.க்காகத்தான் வளர்த்தார், ஆனால் டி.சி.க்கும் அது பொருந்தியது. 1925இல் பம்பாயிலும் 1931இல் சென்னைக் கடற்கரை - தாம்பரம் பாதையிலும் 1,500 வோல்ட் டி.சி.யில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அப்படிப்பட்ட பாதைகளைக் காத்தவை காந்தத்தால் மின்வில்லை ஊதி அணைக்கும் இந்தக் குடும்பத்து பிரேக்கர்கள். இன்று 750 வோல்ட் டி.சி.யில் ஓடும் பெங்களூரு, கொச்சி மெட்ரோக்கள் வரை அந்தக் குடும்பம் தொடர்கிறது.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேனல்களிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் வயரில் ஓடுவது டி.சி.; பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் சில நூறு வோல்ட் இருக்கும். அந்த இடத்தில் ஏ.சி.க்கான எம்.சி.பி. என்ற சிறிய பிரேக்கரைப் பொருத்துவது ஆபத்து. மேலோட்டமாகப் பார்த்தால் வேலை செய்வதுபோலவே தெரியும். சுமையோடு அணைக்கும்போது உள்ளே மின்வில் நின்று எரியும், வெயில் இருக்கும்வரை பேனல் அதற்குத் தீனி போடும், பெட்டியே தீப்பிடிக்கலாம். டி.சி. எம்.சி.பி. என்று வாங்கினாலும் வேலை முடியவில்லை. பல வகைகளில் மின்வில்லைத் தள்ளுவதற்கு நிலைக்காந்தம் வைத்திருப்பார்கள். நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தால் காந்தம் மின்வில்லைத் தகடுகளை நோக்கித் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அதன் மேல் கூட்டல், கழித்தல் குறி போட்டிருந்தால் அதன்படியே இணைத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள்.

தகடு அடுக்கும் இந்த வழி சில ஆயிரம் வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. 3,20,000 வோல்ட் டி.சி.யை அப்படி அறுக்க வேண்டுமானால் 12,000க்கும் மேற்பட்ட தகடுகள் வேண்டும். அப்படியொன்றைக் கட்டுவது நடைமுறையில் சாத்தியமில்லை. ஆகவே இரண்டாவது வழி, பூஜ்ஜியத்தை நாமே உண்டாக்குவது.

அதற்கான விதை லண்டன் தெருவிளக்குகளில் கிடந்தது. 1890களில் கார்பன் முனைகளுக்கு நடுவே மின்வில்லை எரியவிட்டுத்தான் தெருக்களுக்கு ஒளியூட்டினார்கள். அந்த விளக்குகள் சீறும், மினுக்கும். ஏன் என்று ஆராய்ந்தவர் ஹெர்தா அயர்ட்டன். கடிகாரம் செய்யும் ஓர் ஏழைக் குடியேறியின் மகள். சீறலுக்குக் காரணம் கார்பன் முனையைப் பிராணவாயு தாக்குவதுதான் என்று அவர் நிறுவினார். மின்வில்லின் நீளம், மின்னோட்டம், மின்னழுத்தம் மூன்றையும் இணைக்கும் சமன்பாட்டையும் தந்தார். 1902இல் அவர் எழுதிய மின்வில் பற்றிய நூல் அந்தத் துறையின் அடிப்படை நூலானது. அதே ஆண்டில் ராயல் சொசைட்டியில் அவரை உறுப்பினராக்க முன்மொழிந்தபோது, மணமான பெண் என்ற காரணத்தால் சட்டப்படி இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு ராயல் சொசைட்டியின் வரலாற்றில் ஒரு கறை. 1906இல் அதே சபை அவருக்கு ஹியூஸ் பதக்கம் வழங்கியது.

அயர்ட்டனின் சமன்பாட்டில் விசித்திரமான செய்தி ஒன்று இருக்கிறது. சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் கூடினால் அதன் குறுக்கே மின்னழுத்தமும் கூடும். மின்வில்லில் மின்னோட்டம் கூடினால் மின்னழுத்தம் குறைகிறது. கூடுதல் மின்னோட்டம் பிளாஸ்மாவை இன்னும் சூடாக்கி, இன்னும் நல்ல கடத்தியாக்குவதால் வரும் விளைவு இது. அவருடைய கணவர் வில்லியம் அயர்ட்டனின் மாணவரான வில்லியம் டடல், 1900இல் எரியும் மின்வில்லுக்கு இணையாக ஒரு மின்தேக்கியையும் ஒரு கம்பிச்சுருளையும் பொருத்தினார். மின்வில் பாடத் தொடங்கியது. மின்னோட்டத்தில் எழும் சிறு அலைவு ஒவ்வொன்றும் தேய்ந்து போகாமல் வளர்ந்தது. அந்த அலைவு காற்றில் இசைச் சுரமாகக் கேட்டது. சுருளையும் மின்தேக்கியையும் மாற்றி அவர் மெட்டே வாசித்துக் காட்டினார்.

டி.சி. பிரேக்கர் கட்டியவர்கள் இந்தப் பாடும் மின்வில்லைத்தான் பிற்பாடு கையில் எடுத்தார்கள். பிரேக்கரைத் திறக்கிறோம், மின்வில் எழுகிறது. இணையாக ஒரு மின்தேக்கியும் சுருளும் இருந்தால் மின்னோட்டத்தில் அலைவு வளர்கிறது. அலைவின் வீச்சு நேர்மின்னோட்டத்தின் அளவை எட்டும்போது, அலையின் பள்ளம் பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் மின்வில் அணைகிறது. வெளியிலிருந்து எந்த ஆற்றலும் தர வேண்டியதில்லை. நெடுந்தூர டி.சி. நிலையங்களில் மின்னோட்டத்தை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றிவிடும் சுவிட்சுகள் பல இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. குறை என்னவென்றால், அலைவு வளர்வதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகலாம். மின்னோட்டம் மிகப் பெரிதானால் அயர்ட்டன் கண்ட அந்தச் சரிவு மங்கிவிடுவதால் அலைவு வளர்வதே கடினம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆலன் கிரீன்வுட்டும் அவருடைய சகாக்களும் காத்திருக்காத முறையை முன்வைத்தார்கள். மின்தேக்கியை முன்கூட்டியே மின்னேற்றி வைத்துக்கொள்வது. வெற்றிடக் குடுவைக்குள் தொடுமுனைகள் பிரிந்ததும் மின்தேக்கியை எதிர்த்திசையில் பாயவிடுவது. வருகிற மின்னோட்டமும் எதிரே அனுப்பிய மின்னோட்டமும் ஒன்றையொன்று ரத்து செய்ய, பூஜ்ஜியம் பிறக்கிறது. 1960களின் இறுதியில் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மாட்சுவோக்கா கண்டறிந்த துத்தநாக ஆக்சைடு பீங்கானும் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தது. குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை அது மின்காப்புப் பொருள். அதைத் தாண்டினால் கடத்தி. சுற்றில் தேங்கிய ஆற்றலை வாங்கி வெப்பமாக்கும் வேலை அதற்குப் போயிற்று. இன்றைய உயர் மின்னழுத்த டி.சி. பிரேக்கர்களில் மின்னோட்டத்தைத் திசைதிருப்புவது ஓர் உறுப்பு, ஆற்றலை விழுங்குவது இந்தப் பீங்கான்.

இவ்வளவும் கைவசம் இருந்தும் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக வாங்கவில்லை. தேவை இல்லாததுதான் காரணம். 1954இல் ஸ்வீடனின் பெருநிலத்தையும் காட்லாண்ட் தீவையும் ஏறத்தாழ 100 கி.மீ. கடலடிக் கேபிள் இணைத்தது. 1,00,000 வோல்ட், 20 மெகாவாட். உனோ லாம் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பாதரச வால்வுகள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றின. அதன்பின் வந்த, தைரிஸ்டர் என்ற குறைக்கடத்திகளால் ஆன நிலையங்களும் அதே வழிதான். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை வரும் 5,00,000 வோல்ட் பாதை அப்படிப்பட்டது. இவற்றில் இரண்டே முனைகள். வழியில் பழுது வந்தால், ஏ.சி.யை டி.சி.யாக்கும் மாற்றி நிலையமே தன் கட்டுப்பாட்டை மாற்றி மின்னோட்டத்தைச் சுழிக்கு இறக்கிவிடும். பாதை முழுவதும் ஒருகணம் நிற்கும், பிறகு திரும்ப ஓடும். தனிப் பாதைக்கு அது போதும். பல பாதைகள் பின்னிய வலை என்றால், ஒரு மூலையில் விழுந்த மின்னலுக்காக மொத்த வலையையும் அணைக்க நேரிடும். அதனால் டி.சி. பெரும்பாலும் தனித்தனிக் கோடுகளாகவே வளர்ந்தது. மூன்று முனை உள்ள பாதைகள் அங்கொன்றும் இங்கொன்றும் வந்தன.

1997இல் ஸ்வீடனின் ஹெல்ஷோனில் ஒரு சோதனைப் பாதையில் புது வகை மாற்றி நிலையம் ஓடியது. ஐ.ஜி.பி.டி. என்ற, நினைத்தபோது அணைக்கக்கூடிய குறைக்கடத்தி சுவிட்சுகளால் ஆனது. இதைக்கொண்டு காற்றாலைகளையும் கடலடிக் கேபிள்களையும் வலையாக இணைப்பது எளிது. கரூர்ப் பக்கம் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 3,20,000 வோல்ட் இணைப்பு இந்த வகையில் இந்தியாவின் முதலாவது. ஆனால் இந்த நிலையங்களின் பரவலான வடிவத்தில் ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு ஒட்டியிருக்கிறது. டி.சி. பக்கம் ஷார்ட் சர்க்யூட் ஆனால், சுவிட்சுகளை அணைத்தாலும் டையோடுகள் வழியாக ஏ.சி. வலையிலிருந்து மின்னோட்டம் பழுதுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். டையோடை யாராலும் அணைக்க முடியாது.

எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்று ஒரு கணக்கு போடுவோம். 3,20,000 வோல்ட் பாதை, தொடக்கத்தில் 2,000 ஆம்பியர். ஏற்றத்தைத் தடுக்க 100 மில்லி ஹென்றி கம்பிச்சுருள் வைத்திருக்கிறோம். பழுது வந்தால் மின்னோட்டம் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் 3,200 ஆம்பியர் ஏறும். இரண்டு மில்லி விநாடியில் 8,400. ஏ.சி. பிரேக்கர் அடுத்த பூஜ்ஜியத்துக்குக் காத்திருக்கும் 10 மில்லி விநாடியில் இது 34,000 ஆம்பியராகிவிடும், மாற்றி நிலையம் அதற்கு முன்பே கருகிவிடும். 8,400இல் பிடித்து, துத்தநாக ஆக்சைடு அடுக்கு 4,80,000 வோல்ட்டை எதிரே நிறுத்தினால், மின்னோட்டம் சுமார் ஐந்து மில்லி விநாடியில் சுழிக்கு வரும். அதற்குள் அந்த அடுக்கு விழுங்கும் ஆற்றல் சுமார் 10.6 மெகா ஜூல், மீட்டர் கணக்கில் ஏறத்தாழ மூன்று யூனிட்.

குறைக்கடத்தி சுவிட்சுகளை மட்டும் வைத்து இதை மைக்ரோ விநாடிகளில் அறுத்துவிடலாம். ஆனால் அவ்வளவு மின்னழுத்தத்துக்கு அவற்றை நீளமாகத் தொடரில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சில வோல்ட் இழப்பு. ஆண்டு முழுவதும், பழுதே வராத நாளிலும், மின்சாரம் வீணாகும். உலோகத் தொடுமுனையில் இழப்பே கிடையாது என்று சொல்லலாம், ஆனால் அது மெதுவானது. இரண்டையும் சேர்த்த வடிவத்தை ஏ.பி.பி. நிறுவனத்தின் யூர்கன் ஹேஃப்னரும் பியோர்ன் யாக்கப்சனும் 2011இல் போலோஞ்ஞாவில் நடந்த ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். 2012 நவம்பரில் நிறுவனம் அதை அறிவித்தது.

அதன் நுட்பம் வரிசையில் இருக்கிறது. சாதாரண நாளில் மின்னோட்டம் ஒரு வேகமான இயந்திர சுவிட்ச் வழியாகவும் ஓரிரு ஐ.ஜி.பி.டி. வழியாகவும் போகிறது, இழப்பு மிகக் குறைவு. பழுது வந்ததும் முதலில் அந்தச் சிறிய ஐ.ஜி.பி.டி. அணைகிறது. அது தாங்கும் மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட்தான், ஆனால் மின்னோட்டத்தைப் பக்கத்திலுள்ள பெரிய ஐ.ஜி.பி.டி. அடுக்குக்குத் தள்ள அது போதும். இப்போது இயந்திர சுவிட்சில் மின்னோட்டமே இல்லை. மின்வில் எழாமல் அது சுமார் இரண்டு மில்லி விநாடியில் திறக்கிறது. திறந்து முடிந்ததும் பெரிய அடுக்கு அணைகிறது, மின்னோட்டம் வேறு வழியின்றித் துத்தநாக ஆக்சைடுக்குள் போய்த் தேய்கிறது. பெரிய அடுக்கு அணையும்வரை எல்லாம் ஐந்து மில்லி விநாடிக்குள். நான் மிகவும் வியப்பது இதன் முன்யோசனையை. பழுது என்று உறுதியாவதற்கு முன்பே, சந்தேகம் வந்தவுடன், முதல் இரண்டு படிகளைத் தொடங்கிவிடலாம். சந்தேகம் பொய்யானால் சத்தமில்லாமல் பழைய பாதைக்குத் திரும்பலாம். நுகர்வோர் யாருக்கும் எதுவும் தெரியாது.

இரண்டு மில்லி விநாடியில் உலோக முனைகளை விலக்க ஸ்பிரிங் போதாது. இங்கே எலிஹு தாம்சன் மறுபடி வருகிறார். மாறும் காந்தப்புலத்தின் முன்னே வைத்த உலோக வளையம் துள்ளி எழுவதை அவர் 1880களில் செய்து காட்டினார். அதே விளைவில், தட்டையான சுருளுக்குள் மின்தேக்கியைப் பாயவிட்டு, எதிரே உள்ள உலோகத் தட்டை உதைத்துத் தள்ளுகிறார்கள். இன்றும் அதன் பெயர் தாம்சன் சுருள்.

கட்டியதைச் சோதிப்பதும் தனி சவால். நெதர்லாந்தின் ஆர்னெம் நகரிலுள்ள கெமா ஆய்வகத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ரமோஷன் திட்டத்தின் கீழ், டி.சி. பிரேக்கர்களை ஏ.சி. ஜெனரேட்டரால் சோதித்தார்கள். ஜெனரேட்டரை வழக்கத்தைவிட மெதுவாகச் சுழற்றினால் அலை நீண்டு, அதன் ஏறுமுகம் டி.சி. பழுதின் ஏற்றத்தைப் போலவே இருக்கும். பிரேக்கருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் இவற்றை வலையில் வைத்து ஓட்டிக் காட்டிய நாடு சீனா. ஷோஷான் தீவுகளின் ஐந்து முனை வலையில் 2016இல் 2,00,000 வோல்ட் பிரேக்கர்கள் சேர்ந்தன. 2020இல் ஜாங்பெய் வலை இயங்கத் தொடங்கியது. 5,00,000 வோல்ட், நான்கு நிலையங்கள், நான்கையும் வளையமாக இணைக்கும் சுமார் 666 கி.மீ. பாதை. ஒவ்வொரு பாதையின் இரு முனையிலும், நேர், எதிர் கம்பிகள் இரண்டிலும் ஒவ்வொன்றாக, மொத்தம் 16 டி.சி. பிரேக்கர்கள். சுமார் 3 மில்லி விநாடியில் 25,000 ஆம்பியர் வரை அறுக்கும்படி அமைத்தவை. மறுமுனையிலிருந்து செய்தி வரும்வரை காத்திருக்க நேரமில்லாததால், பழுது எழுப்பும் அலை தன்னை வந்தடைந்த விதத்தைப் பார்த்தே ஒவ்வொரு முனையும் தானாக முடிவெடுக்கிறது. அங்கிருந்து காற்றாலை, சூரிய மின்சாரம் பெய்ஜிங்குக்குப் போகிறது.

இனி உள்ள தடை விலையும் பருமனும்தான். உயர் மின்னழுத்த டி.சி. பிரேக்கர் ஒன்றுக்குப் பெரிய கூடமே வேண்டியிருக்கிறது, ஏ.சி. பிரேக்கரோ திறந்தவெளியில் சில மீட்டர் இடத்தில் நிற்கிறது. வெற்றிடக் குடுவையும் மின்தேக்கியும் கொண்ட மலிவான வடிவங்களை இப்போது ஜப்பான், ஸ்வீடன், சீனா மூன்றும் மெருகேற்றி வருகின்றன. மின்பொறியியல் படிக்கும் மாணவர்கள் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மின்வில், வெற்றிடம், குறைக்கடத்தி மூன்றையும் ஒருசேரக் கற்றுக்கொள்ளுங்கள். பாதி விலையில், பாதி இடத்தில் நிற்கும் டி.சி. பிரேக்கர் இன்னும் கட்டப்படவில்லை.